குச்சிக்குள்ளே ஒரு சிப்பாய்: ஸ்க்ரோல் சாவில் சதுரங்கக் காய்கள் செய்வது எப்படி?

சதுரங்கக் காய் என்றால் கடைசல் பட்டறை வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வேண்டாம். மேசைமேல் வைக்கிற சின்ன ஸ்க்ரோல் சா ஒன்று போதும். மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி, வளைவுகளை அறுக்கிற மின்சார ரம்பம் அது. சூட்சுமம் இதுதான்: சதுரக் குச்சி ஒன்றின் அடுத்தடுத்த இரண்டு முகங்களில் காயின் உருவத்தை ஒட்டுகிறோம். முதல் முகத்தில் அறுத்துவிட்டு, குச்சியைக் கால் சுற்று திருப்பி, அடுத்த முகத்திலும் அறுக்கிறோம். சுற்றியிருக்கும் கழிவை உதறினால் உள்ளே காய் நிற்கும்.

மரம்

பர்மாவின் யாங்கோனில் இருந்துகொண்டு தேக்கை ஒதுக்கச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் முதல் செட்டுக்குத் தேக்கு வேண்டாம். அதில் இருக்கும் சிலிக்கா பிளேடின் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். எண்ணெய்ப் பசை வேறு, ஒட்டிய காகிதம் நழுவும். வெள்ளைக் காய்களுக்கு யமனே எடுங்கள். அது நம் குமிழ மரம்தான். வெளிர் நிறம், மென்மையான மரம், பழகுகிற கைக்கு ஏற்றது. எதிர்ப்பக்கத்துக்குப் படாக். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டி மஞ்சளாகப் பூக்குமே, அதே மரம், வேங்கைக்குச் சொந்தக்காரன். கறுப்புக் காய் செம்பழுப்பாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். இந்த ஊர்ச் சதுரங்கமான சிட்டுயினில் ஒரு பக்கம் சிவப்புதான்.

மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் துண்டு மரம் கிடைக்கும். மழைக்காலத்தில் வாங்கியதை உடனே அறுக்காமல் சில வாரம் வீட்டுக்குள் காயப் போடுங்கள்.

அளவு: ராஜா 3 அங்குல உயரம், ராணி 2¾, மந்திரி 2¼, குதிரை 2, யானை 1¾, சிப்பாய் 1½. குச்சியின் கனம் ராஜா ராணிக்கு 1¼ அங்குலம், சிப்பாய்க்கு ¾, மற்றவற்றுக்கு 1. இதற்குப் பலகையில் 1¾ அங்குலக் கட்டம் பொருந்தும். குச்சியைக் காயின் உயரத்தைவிட ஓர் அங்குலமாவது நீளமாக வெட்டுங்கள். விரல் பிடிக்க இடம் வேண்டும்.

குச்சியின் நான்கு மூலையும் சரியான செங்கோணமாக இருக்க வேண்டும். இழைத்துவிட்டு மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். என் முதல் செட்டில் இதை அலட்சியம் செய்தேன். நான்கு சிப்பாய்கள் கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவர்களைப் போல் சாய்ந்து நின்றார்கள்.

படம் ஒட்டுவது

ஒரே உருவத்தைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முறை வரையுங்கள். நடுக்கோட்டில் காகிதத்தை மடித்து, மடிப்பு குச்சியின் விளிம்பில் உட்காரும்படி பசைக்குச்சியால் ஒட்டுங்கள். இரண்டு படத்தின் அடிக்கோடும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேலே செலோடேப் சுற்றுங்கள். டேப் இருந்தால் மரம் கருகுவதும் குறையும்.

மெஷினைத் தயார் செய்வது

5ஆம் நம்பர் பிளேடு போதும். 1¼ அங்குலக் குச்சிக்கு 7ஆம் நம்பர். பற்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். விரலால் சுண்டினால் கம்பி வாத்தியம் மாதிரி 'டிங்' என்று ஒலிக்கும் அளவுக்கு இறுக்குங்கள். தொளதொளவென்று இருந்தால் மரத்துக்குள்ளே பிளேடு வயிறு தள்ளும். மேலே கோட்டில் போனது கீழே கோணலாகிவிடும்.

அடுத்து, பிளேடு மேசைக்கு நேர் செங்குத்தா? ஒரு துண்டு மரத்தில் லேசாக ஒரு கீறல் அறுங்கள். மெஷினை நிறுத்தி, மரத்தைப் பிளேடின் பின்பக்கமாகக் கொண்டுவந்து அதே கீறலைப் பொருத்திப் பாருங்கள். சிக்காமல் நுழைந்தால் சரி. இல்லையென்றால் மேசையின் சாய்வைத் திருத்துங்கள். இந்த முறையில் பாதித் தோல்வி இங்கேதான் நடக்கிறது.

கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். படாக் தூள் மூக்கையும் கண்ணையும் எரிக்கும்.

அறுப்பது

சிப்பாயில் தொடங்குங்கள். ராஜாவின் சிலுவைமேல் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு செட்டில் சிப்பாய் மட்டும் 16; அத்தனையும் அறுத்து முடிப்பதற்குள் கை தானாகப் பழகிவிடும்.

ஒரு முகத்தில் இடது கோட்டை ஒரே மூச்சில் அறுத்து முடியுங்கள். அப்புறம் வலது கோடு. இப்போது கையில் மூன்று துண்டுகள் இருக்கும்: நடுவில் காய், இருபுறமும் கழிவு. கழிவுதானே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் பழையபடி பொருத்தி, அழுத்திப் பிடித்து, டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். அடுத்த முகத்தை அறுக்கும்போது குச்சி தட்டையாக உட்கார இவைதான் தாங்கல். பிறகு திருப்பி வைத்து, அதே மாதிரி இரண்டு கோடுகள். டேப்பைக் கிழித்துக் கழிவை மெல்லத் தள்ளுங்கள். முதல் சிப்பாய் வெளியே வரும் அந்த நொடிக்காகவே இந்த வேலையை நான் விடவில்லை.

மரத்தைத் தள்ளாதீர்கள், காட்டினால் போதும். பெரும்பாலான பிளேடுகள் கொஞ்சம் வலப்பக்கம் இழுக்கும். பிளேடு செய்யப்படும் விதம் அப்படி. உங்கள் கையில் கோளாறு இல்லை. மரத்தை லேசாகச் சாய்த்துக் கொடுத்து ஈடுகட்டுங்கள். சிப்பாயின் கழுத்து போன்ற குறுகிய வளைவில் அவசரப்பட்டால் புகை வரும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. பாதி அறுக்கும்போது கரண்டு போனால், முதலில் சுவிட்சை அணையுங்கள். விட்டுவிட்டு எழுந்து போனால், கரண்டு வந்ததும் மெஷின் தானாக ஓடும். நான் வேலையையே இதற்கேற்பப் பிரித்துக்கொண்டேன்: கரண்டு இருந்தால் அறுப்பது, போனால் படம் ஒட்டுவதும் உப்புத்தாள் தேய்ப்பதும்.

குதிரையும் யானையும்

மற்ற காய்களுக்கு இரண்டு படமும் ஒன்றுதான். குதிரைக்கும், யானை உருவம் செய்தால் யானைக்கும் மட்டும் ஒரு முகத்தில் பக்கவாட்டுத் தோற்றம், மறுமுகத்தில் ஒடுங்கிய முன்தோற்றம்.

மூலைக் காய்க்குக் கோபுரம் வரைவதுதான் சுலபம். எனக்கு மனசு வரவில்லை. நாம் யானை என்று சொல்லும் காய்க்குக் கோட்டைச் சுவர் எதற்கு? பக்கத்து வீட்டு பர்மியப் பெரியவருக்கு என் யானையைக் காட்டினேன். "யானை எதுக்குத் தம்பி மூலையில நிக்குது? அங்க தேர் இல்ல நிக்கணும்?" என்றார், பர்மிய மொழியில்தான். அவர் சொன்னதும் நியாயம்தான். சிட்டுயினில் யானை சாய்வாகவோ நேர் முன்னாலோ ஒரு கட்டம்தான் நகரும், நேர்க்கோட்டில் ஓடுவது தேர். யானை செய்வதானால், துதிக்கைக்கும் காலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் முதலில் ட்ரில் போட்டு, துளைக்குள் பிளேடை நுழைத்து, அதை அறுத்துவிட்டு வெளிக்கோட்டுக்கு வாருங்கள்.

முடிக்கும் வேலை

காய்கள் கடைசல் காய்போல் உருண்டையாக வராது, நான்கு பட்டையாக இருக்கும். எனக்கு அந்தப் பட்டை பிடிக்கும். பிடிக்காதவர்கள் உப்புத்தாளால் உருட்டிக்கொள்ளலாம். 150, 240, 400 நம்பர் தாள்களால் வரிசையாகத் தேயுங்கள். யமனேயை முதலில் முடித்து எடுத்து வைத்துவிட்டுப் படாக்கைத் தொடுங்கள். சிவப்புத் தூள் வெள்ளை மரத்தில் ஏறினால் போகாது. ராஜா, ராணியின் அடியில் துளையிட்டு ஒரு இரும்பு நட்டைப் புதைத்து ஒட்டினால் கவிழாது.

கடைசியாக ஆளிவிதை எண்ணெய், இரண்டு பூச்சு. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப் போடுங்கள்.

இன்னொன்று: சிப்பாய் பக்கத்துக்கு எட்டு என்றாலும் பத்தாக அறுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் ஒன்று சோபாவுக்கு அடியில் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது.