பல மொழி வீட்டுக் குழந்தையின் சொற்களை எண்ணுவது எப்படி?

அம்மா தமிழ், அப்பா இந்தி, பாட்டி தெலுங்கு என்றால் குழந்தை பேசத் தாமதமாகும் என்று யாராவது சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பல மொழிகளைக் கேட்பதால் பேச்சு தடைபடாது. ஒரு மொழியை மட்டும் எண்ணினால்தான் குறைவாகத் தெரியும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, குழந்தை தானாகச் சொல்லும் சொற்களை எல்லாம் எழுதி வையுங்கள். 'பால்', அதற்கான இந்திச் சொல் 'தூத்' இரண்டும் வந்தால் இரண்டு சொல். தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் 'ண்ணி' என்று மட்டும் சொன்னாலும் அதுவும் கணக்குதான். 'அப்பா ஆவோ' (ஆவோ என்றால் இந்தியில் 'வா') என்று கலந்து பேசுவது குழப்பமல்ல. கைக்குக் கிடைத்த சொல்லை எடுத்துப் போடுகிறது, அவ்வளவுதான். நாமும் அதைத்தானே செய்கிறோம்!

இரண்டு வயதில் எல்லா மொழியும் சேர்த்துச் சுமார் 50 சொற்கள், அப்புறம் இரண்டு சொல்லைக் கோத்துப் பேசுவது, இவற்றை எதிர்பார்க்கலாம். 12 மாதமாகியும் மழலை ஒலி இல்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, அல்லது எந்த வயதிலும் வந்த சொற்கள் மறைகின்றன என்றால், மொழிகள் மேல் பழிபோட்டுக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். செவித்திறன் சோதனையும் கேளுங்கள். போகும்போது அந்தத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.