பெயிண்ட்பிரஷ் விதைக்கிறீர்களா? புல்லைப் பிடுங்காதீர்கள்

நடு டெக்சாஸில் மார்ச் பிறந்துவிட்டால் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் நீலமும் சிவப்பும்தான். நீலம் ப்ளூபானெட், சிவப்பு பெயிண்ட்பிரஷ். காரை நிறுத்திப் பார்த்தவர்கள் ஆசைப்பட்டு விதை வாங்கிப் போடுகிறார்கள். அப்புறம் வாடிய செடியின் படம் எனக்கு வரும். அவர்களுக்காக, நான் ஆரம்பத்தில் செய்த தவறுகளை அதே வரிசையில் சொல்கிறேன்; கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு. வெயில், தண்ணீர் பற்றியெல்லாம் விதைப் பையிலேயே போட்டிருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

நிறத்தை வைத்து அடையாளம் சொல்வது

காகிதப்பூவை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நிறம் காட்டுவது இதழ் இல்லை, பூவடிச் செதில். இதுவும் அப்படித்தான். சிவப்பை விரலால் விலக்கிப் பாருங்கள், உள்ளே வெளிர்பச்சையில் மெல்லிய குழல் ஒன்று இருக்கும். பூ அதுதான். செதில் சில செடிகளில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோகூட வரும், அதனால் இலையைப் பாருங்கள். டெக்சாஸ் பெயிண்ட்பிரஷின் இலை பெரும்பாலும் பிளவுபடாது. 'இன்டிவிசா' என்ற அதன் தாவரவியல் பெயருக்கே அதுதான் பொருள். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் வளரும் 'பர்பூரியா' பெயிண்ட்பிரஷிலேயே வேறு இனம். அதன் இலையும் செதிலும் விரல் விரலாகப் பிரிந்திருக்கும், பல வருஷம் அதே வேரிலிருந்து துளிர்க்கும். இன்டிவிசா ஒரு பருவத்தோடு முடிந்துவிடும்.

சுத்தமான பாத்தி

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். முதல் வருஷம் பத்தடிக்கு எட்டடி கொத்தி, ஒரு புல் விடாமல் பிடுங்கி, தொழுவுரம் போட்டு விதைத்தேன். முளைத்தது. டிசம்பரில் தரையோடு தரையாக இலைக்கொத்துகள் இருந்தன. பிப்ரவரியில் மஞ்சளாகின. பூக்கும் காலத்தில் நான்கு அங்குல உயரத்தில் மூன்று தண்டுகள்தான் மிச்சம். உரம் போதவில்லை என்று நினைத்து மறுவருஷம் கூடுதலாகப் போட்டேன். அதுவும் போயிற்று.

மூன்றாம் வருஷம், வேலியோரம் கொத்தாமல் விட்டிருந்த ப்ளூ கிராமா புல்லுக்கு நடுவே, தானாக விழுந்த விதையிலிருந்து நான்கு செடிகள் முக்கால் முழ உயரத்துக்கு எழுந்து பூத்தன. ஒன்றைப் புல்லோடு சேர்த்து மண்கட்டியாகப் பெயர்த்து வாளித் தண்ணீரில் அலசினேன். அதன் வேர் புல்லின் வேரைத் தொட்ட இடத்திலெல்லாம் பாதிக் கடுகு அளவில் வெளிறிய முடிச்சுகள். பிரிக்க இழுத்தேன். முடிச்சு விடவில்லை, வேர்தான் அறுந்தது.

அந்த முடிச்சுகள்தான் உறிஞ்சு உறுப்புகள். பெயிண்ட்பிரஷ் ஒரு பகுதி ஒட்டுண்ணி. இலை பச்சை, அதனால் உணவு தயாரிக்கும். ஆனால் தண்ணீரையும் சத்தையும் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து இழுத்துக்கொள்ளும். நம் ஊர்ச் சோளக்காட்டைப் பாழாக்கும் சுடுமல்லியும் இதே குடும்பம்தான். பெயிண்ட்பிரஷ் துணைச் செடி இல்லாமலும் முளைக்கும், சில சமயம் பூக்கும், ஆனால் நோஞ்சானாகத்தான் நிற்கும். நான் இரண்டு வருஷம் பாடுபட்டுப் பிடுங்கியது அதன் சோற்றுத் தட்டை.

போன மாதம்கூட ஒரு நண்பர், "ஒரு களை இல்லை பாருங்க அண்ணா" என்று பெருமையாகப் படம் அனுப்பினார். படத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

ப்ளூ கிராமா, லிட்டில் ப்ளூஸ்டெம் போன்ற கொத்துப் புல் பக்கத்தில் இருக்கட்டும். ப்ளூபானெட்டும் நல்ல துணை. அதன் வகையைச் சேர்ந்த லூபின் செடிகளின் ஆல்கலாய்டு என்ற கசப்பான வேதிப்பொருள் வேர் வழியே பெயிண்ட்பிரஷுக்கும் ஏறுவதையும், அப்போது பூச்சிகள் அதைக் குறைவாகக் கடிப்பதையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அடர்ந்த பெர்முடா புல்தரை மட்டும் வேண்டாம், விதை மண்ணைத் தொடவே விடாது. உரமும் வேண்டாம். புல் கொழுத்து இதை அமுக்கிவிடும்.

விதையைப் புதைப்பது

தூள் மாதிரி விதை. செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் மணலோடு கலந்து தூவி, காலால் மிதித்துவிட்டால் போதும். மேலே மண் போடாதீர்கள்.

சாலையோரச் செடியைத் தோண்டி வருவது

வேர் அறும், செடி சாகும். தோண்டாதீர்கள்.

பூ வாடியதும் வெட்டுவது

காய்ந்த தண்டு பார்க்க நன்றாக இருக்காதுதான். ஆனால் அடுத்த வசந்தத்துக்கான விதை முழுக்க அதில்தான் இருக்கிறது. காய் பழுத்து வாய் பிளக்கும்வரை புல்வெட்டியை எடுக்காதீர்கள். ஒரு தண்டை உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டுங்கள். பழுப்புத் தூளாகக் கொட்டினால் வெட்டலாம்.