டர்போ மாட்டும் முன் புது எஞ்சினை ஓட்டிப் பழக்குவது

போர் வேலை (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையைக் கடைந்து சீராக்குவது) முடிந்து, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசாகப் போட்டு எஞ்சினை ஏற்றியாயிற்று, டர்போவும் (புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) அட்டைப்பெட்டியில் காத்திருக்கிறது என்றால் கை பரபரக்கத்தான் செய்யும். இரண்டையும் ஒரே மூச்சில் மாட்டாதீர்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் அது ரிங்கின் குறையா, டர்போ சீலின் குறையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு ஆயிலில் இரும்புத் தூள் ஓடும். டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடியது, அதன் பேரிங்குக்குப் போவதும் அதே ஆயில்தான்.

கம்பெனி வண்டி டர்போவோடுதானே வெளியே வருகிறது என்று கேட்பார்கள். அங்கே போரின் சுத்தமும் ஈசியூ மேப்பும் (எஞ்சின் கம்ப்யூட்டரில் உள்ள பெட்ரோல், தீப்பொறிக் கணக்கு) முதல் நாளே சரியாக இருக்கும். ஷெட்டில் கோத்த எஞ்சின் தன்னை நிரூபித்த பிறகுதான் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) பார்க்க வேண்டும்.

இங்கே தரும் அளவுகள் 1300 முதல் 1600 சிசி வரையிலான நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினுக்கானவை. சர்வீஸ் மேனுவல் வேறு சொன்னால் மேனுவல் சொல்வதே சரி.

எஞ்சின் பிரிந்து கிடக்கும்போதே

பிறகு டர்போ வரப்போகிறது என்றால் ரிங் கேப்பை (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) இப்போதே அதற்கேற்ப வையுங்கள். 75 மி.மீ. போருக்கு டர்போ இல்லாத எஞ்சினில் மேல் ரிங் கேப் சுமார் 0.30 மி.மீ. போதும். மிதமான பூஸ்டுக்கு 0.38 முதல் 0.42 வரை வேண்டும். பிஸ்டனோடு வரும் சார்ட்டையும் ஒப்பிடுங்கள். கேப் குறைந்தால் சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொள்ளும், பிஸ்டனின் ரிங் லேண்ட் (ரிங் பள்ளங்களுக்கு நடுவே உள்ள வரம்பு) பெயர்ந்து வரும். டர்போ ஏற்றிய பழைய எஞ்சின்கள் பல இப்படித்தான் போகின்றன.

சம்ப் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தட்டு) கழன்று இருக்கும்போதே டர்போ ஆயில் ரிட்டர்னுக்கான பாஸை (குழாய் மாட்டும் மரை போட்ட புடைப்பு) வெல்டிங் செய்து பிளக் போட்டு மூடி வையுங்கள். ஆயில் மட்டத்துக்கு மேலே, உள் விட்டம் 16 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். பின்னால் எஞ்சினோடு சேர்த்துத் துளை போட்டால் சீவல் உள்ளே விழும்.

ஹோனிங் (போரின் சுவரில் கல்லால் மெல்லிய குறுக்குக் கீறல் போடுவது) ஆனதும் போரை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவிவிட்டு விடுவது பல ஷெட்களில் வழக்கம். அது கல் தூளைக் கீறல்களுக்குள்ளேயே விட்டுவிடும். வெந்நீர், பாத்திர சோப்பு, நைலான் பிரஷ் கொண்டு தேய்த்துக் கழுவி, ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். வடசென்னையில் காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்து உப்புக் காற்றில் கழுவிய போர் வெகு சீக்கிரம் துருவேறும், ஆகவே காய்ந்த கையோடு ஆயில் பூசிவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்

ஆயில் மினரலாக இருக்கட்டும், 15டபிள்யூ-40 போதும். விலை உயர்ந்த சின்தெடிக் இப்போது வேண்டாம். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றவே கூடாது: மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்து பல காலம் ஆகிறது, மற்ற கரையோரப் பகுதிகளிலும் அதை நம்ப முடியாது. கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றி ஏர் எடுங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியென்றால் டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை இறக்கிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும்.

ஆயில் ஃபில்டரில் ஆயில் நிரப்பி மாட்டுங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்து, காயில் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு 10 வினாடி செல்ஃப் அடியுங்கள், ஒரு நிமிடம் ஆற விடுங்கள், மீண்டும் அடியுங்கள். கேஜில் ஆயில் பிரஷர் எழும்வரை இப்படியே. டாஷ்போர்டு விளக்கை மட்டும் நம்பாமல் மெக்கானிக்கல் கேஜ் ஒன்று மாட்டுங்கள். நாலைந்து தடவைக்கும் முள் அசையவில்லை என்றால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்; பம்ப் ஏர் பிடித்திருக்கும், அல்லது ஸ்ட்ரெயினர் ஓரிங் சரியாக உட்கார்ந்திருக்காது.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. புது கேம்ஷாஃப்ட், புது டாப்பெட் போட்டிருந்தால் 1,500 முதல் 2,500 ஆர்பிஎம் வரை ஏற்றி இறக்கி 20 நிமிடம் ஓட விடுங்கள். பழைய கேமே என்றால் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை போதும். ஒழுகல் பார்த்து, ஆறியதும் கூலண்ட் மட்டம் சரி பார்த்து, நேரே ரோட்டுக்கு.

முதல் 50 கிலோமீட்டர்

எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த ஐம்பதுதான். 'புது எஞ்சின், மெதுவா ஓட்டு' என்ற அறிவுரை இங்கே கெடுதல். ரிங்கைப் போரோடு அழுத்துவது அதன் ஸ்பிரிங் விசை மட்டுமல்ல. எரியும் கேஸின் அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து தள்ளுவதுதான் பெரிய விசை. லோடு இல்லையென்றால் அந்த அழுத்தம் இல்லை. ஹோனிங் கீறல்களின் கூர்முனைகள் முதல் சில பத்து கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும். அதற்குள் ரிங் போரோடு பொருந்திச் செட் ஆகவில்லை என்றால் கருகிய ஆயில் கீறல்களை அடைத்து, போர் கண்ணாடியாகிவிடும். பிறகு எஞ்சினை மறுபடி பிரித்து ஹோனிங் போடுவதைத் தவிர வழியில்லை.

இடமும் நேரமும் முக்கியம். துறைமுகத்துக்குக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசைக்குள் மணலி விரைவுச் சாலையிலோ எண்ணூர் நெடுஞ்சாலையிலோ மாட்டினால் ஐடிலும் சூடும்தான் மிஞ்சும். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா, ஜிஎன்டி ரோடு வழியாகச் செங்குன்றம் தாண்டி வெளிவட்டச் சாலைக்குப் போங்கள். ஏர் ஃபில்டர் கம்பெனி பாக்ஸோடு மூடியே இருக்கட்டும். எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பல் தூசு, புது ரிங்குக்கு உப்புக் காகிதம்.

மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து பாதி ஆக்சிலரேட்டரில் 4,000 வரை ஏற்றுங்கள். பிறகு காலை முழுக்க எடுத்து, பிரேக் தொடாமல், கியரிலேயே 2,000 வரை இறங்க விடுங்கள். ஏற்றும்போது ரிங் அழுந்தும். இறங்கும்போது சிலிண்டரில் உண்டாகும் வெற்றிடம் ஆயிலை மேலே இழுத்துத் தூளைக் கழுவி, ரிங்கையும் ஆற்றும். அதனால் காலை எடுக்கும் பாதி, ஏற்றும் பாதிக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. இப்படிப் பத்து தடவை. அடுத்த பத்து முக்கால் ஆக்சிலரேட்டரில், கடைசி ஐந்தாறு முழு ஆக்சிலரேட்டரில் 4,500 வரை. பெரும்பாலான வண்டிகளில் இது 35க்கும் 80க்கும் இடைப்பட்ட வேகம்தான், ரேஸ் ஓட்ட வேண்டியதில்லை. டெம்பரேச்சர் முள் ஏறினாலோ ஆயில் பிரஷர் விழுந்தாலோ அங்கேயே ஓரம் கட்டுங்கள். பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் ஏன் இறங்குகிறீர்கள் என்று தெரியாது, கண்ணாடியில் ஒரு கண் இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் சூட்டோடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஃபில்டரை அறுத்து மடிப்பை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் நுண்ணிய சாம்பல் தூள் ரிங்கும் போரும் தேய்ந்தது, கவலையில்லை. செம்பு நிறத் துணுக்கோ காந்தத்தில் ஒட்டாத செதில்களோ இருந்தால் பேரிங்கில் கோளாறு, சம்பை இறக்குங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் இன்ஜெக்டரோ சென்சாரோ அளவுக்கு மீறி ஊற்றுகிறது. அது போர்ச் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். டர்போவுக்கென வாங்கிய பெரிய இன்ஜெக்டரை இப்போதே போடக் கூடாது என்பது இதனால்தான்.

அதன் பிறகு 1,500 கிலோமீட்டர் வரை

சாதாரணமாக ஓட்டலாம். ஒரே வேகத்தில் கும்மிடிப்பூண்டிவரை பிடித்துக்கொண்டு போகாதீர்கள். டாப் கியரில் திணற விடாதீர்கள். 500இல் ஒரு மினரல் ஆயில் மாற்றம், 1,500இல் இன்னொன்று. ஒவ்வொரு நிரப்பலுக்கும் டிப்ஸ்டிக் அளவை எழுதி வையுங்கள். 500க்குப் பிறகும் ஆயில் தொடர்ந்து குறைந்தால் ரிங் செட் ஆகவில்லை.

டர்போவுக்கு முன் அளவு

கம்ப்ரஷன் டெஸ்ட்: எஞ்சின் சூடாக, எல்லா பிளக்கும் கழன்று, பெட்ரோலும் காயிலும் துண்டித்து, த்ராட்டில் முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அடி. 10:1 எஞ்சினில் 170 முதல் 190 பிஎஸ்ஐ எதிர்பார்க்கலாம், டர்போவுக்காகக் கம்ப்ரஷன் குறைத்த பிஸ்டனென்றால் குறைவாகத்தான் வரும். எண்ணைவிட நான்கும் ஒத்துப்போவதே முக்கியம். 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. லீக் டவுன் டெஸ்டில் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிப் பார்ப்பது) கசிவு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆயில் மூடியில் சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். சூடான எஞ்சினில் ஆயில் பிரஷர் 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ வீதம் நிற்க வேண்டும்.

இவை தேறினால் டர்போ மாட்டலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, கம்பெனி விவரக்குறிப்பிலிருந்து மாறும் மாற்றங்களைத் தடுக்கிறது. ரோடு வண்டியில் செய்தால் ஆர்சியும் இன்சூரன்சும் சிக்கலாகும். டிராக் வண்டிக்கென்றே திட்டமிடுங்கள்.

ஸ்டார்ட் பண்ணும் முன் டர்போவின் ஃபீட் துளையில் ஆயில் ஊற்றி, வீலைக் கையால் சுற்றி, பிளக் இல்லாமல் மறுபடி செல்ஃப் அடித்து ரிட்டர்னில் ஆயில் வருவதைக் கண்ணால் பாருங்கள். பிளக் ஒரு படி கோல்டு (சூட்டை வேகமாக வெளியேற்றும் வகை), அதன் கேப் 0.7 மி.மீ. முதல் டியூனிங் வேஸ்ட்கேட் (பூஸ்ட் மிஞ்சாமல் புகையைத் திருப்பிவிடும் வால்வு) ஸ்பிரிங் தரும் 0.3 - 0.4 பார் அளவிலேயே நடக்கட்டும். வைட்பேண்ட் கேஜை (காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டுவது) லாம்டாவில் (சரியான கலவை 1 என்று காட்டும் அளவு) வையுங்கள்: 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய கணக்கு பொருந்தாது, அதன் சரிவிகிதம் 13.5ஐ ஒட்டி வரும்.