காஸ்ட்லி உப்பு வாங்கிட்டு சாம்பார்ல கொட்டாதீங்க

சேலத்துல கொஞ்சம் பெரிய சூப்பர்மார்க்கெட் எதுக்குப் போனாலும் இப்பல்லாம் உப்புலயே ஏழெட்டு வெரைட்டி வச்சிருக்காங்க. பிங்க்ல ஒண்ணு, கறுப்புல ஒண்ணு, சாம்பல் கலர்ல ஒண்ணு, வாயில நுழையாத பிரெஞ்சு பேர்ல குட்டியா ஒரு டப்பா, வெலையப் பாத்தா முந்திரிப்பருப்பே தேவலன்னு இருக்கும். ஆசைக்கு வாங்குறது தப்பில்லங்க, வாங்கிட்டு வந்து கொதிக்கிற சாம்பார்ல ஒரு ஸ்பூன் போட்டுட்டு "சாதா உப்பு மாதிரிதான இருக்கு, ஏமாத்திட்டானுங்க"ன்னு சொல்றதுதான் தப்பு. கரைஞ்சு போயிட்டா எல்லாமே சோடியம் குளோரைடுதான், சாம்பார்ல புளி, பெருங்காயம், மிளகாய் எல்லாம் கூத்தடிக்கும்போது அந்த உப்புல இருக்குற துளியூண்டு வித்தியாசம் எந்த நாக்குக்கும் தெரியாது.

நீங்க காசு குடுக்குறது அந்தக் கல்லோட ஷேப்புக்கும் ஈரத்துக்கும்தான். ஃப்ளர் டி செல் எடுத்துக்கோங்க, பிரான்ஸ்ல கெராந்த்ங்கிற இடத்துல உப்பளத்துல, வெயிலும் காத்தும் சரியா அமையுற நாள்ல தண்ணி மேல மெல்லிசா ஒரு ஏடு கட்டும், அதை கையாலயே பதமா வழிச்சு எடுப்பாங்க, காத்து கொஞ்சம் வேகமா அடிச்சாலே ஏடு உடைஞ்சு அடியில போயிடும், அதனாலதான் அந்த வெல. இங்கிலாந்துல மால்டன்ல பண்றது வேற மாதிரி, கழிமுகத்துத் தண்ணிய எடுத்து பெரிய தட்டுல காய்ச்சுறாங்க, 1882லேர்ந்து அந்த கம்பெனி இருக்கு, ஒவ்வொரு துண்டும் உள்ள காலியா சின்ன பிரமிட் மாதிரி வரும், ரெண்டு விரல்ல அழுத்துனா நொறுங்கும். இந்த ரெண்டும் சாப்பிடுறப்ப பல்லுல பட்டு நொறுங்கணும், அதுக்கான உப்பு இது. அடுப்பை அணைச்சு, தட்டுல வச்சு, சாப்பிட உக்காந்ததுக்கப்புறம் மேல தூவுறதுக்கு.

அதுலயும் ஈரமான பண்டத்து மேல தூவிட்டு போட்டோ எடுத்துட்டு வந்தீங்கன்னா வேஸ்ட். நம்ம தட்டுவடை செட்டையே எடுத்துக்கோங்க, ரெண்டு சட்னி, பீட்ரூட் கேரட் துருவல் எல்லாம் இருக்கு, அது மேல ஃப்ளேக் உப்பு (மால்டன் மாதிரி மெல்லிசா நொறுங்குற உப்பு) போட்டா அடுத்த நிமிஷமே உருகிடும், அங்க தூள் உப்பே போதும். காஸ்ட்லி உப்பு எங்க செட் ஆகும்னா, மல்கோவா கீத்து மேல (ரொம்ப பழுத்தது வேணாம், கெட்டியா இருக்கணும்), பாதியா வெட்டுன அவிச்ச முட்டை மேல, வெண்ணெய் தடவுன டோஸ்ட், பிரவுனி, தவால சுட்ட மீன். மாங்கா கீத்துல தூள் உப்பும் மிளகாப்பொடியும் போட்டா எல்லாக் கடியும் ஒரே மாதிரி இருக்கும், ஃப்ளேக் போட்டா ஒரு கடி வெறும் இனிப்பு, அடுத்த கடி சுருக்குன்னு உப்பு. எனக்கு ரெண்டாவதுதான் புடிக்கும்.

அடுத்தது அளவு, பெரும்பாலான சமையல் கெடுறதே இதுலதான். யூடியூப்ல ஒருத்தர் "ஒரு டீஸ்பூன் உப்பு"ன்னு சொல்றாரு, எந்த உப்புன்னு சொல்லமாட்டாரு. கிச்சன் தராசு இருந்தா வச்சுப் பாருங்க, தூள் உப்பு தலைதட்டி ஒரு டீஸ்பூன் கிட்டத்தட்ட 6 கிராம் வரும், கல் உப்புல நடுவுல இடைவெளி இருக்குறதால அதைவிட கம்மி, ஃப்ளேக் உப்பு போட்டா ஸ்பூன் ரொம்பித்தான் இருக்கும் ஆனா வெயிட்டு பாதிதான் காட்டும். அப்ப ஃப்ளேக் உப்பை வச்சு எழுதுன வெளிநாட்டு ரெசிபிய பாத்து நீங்க தூள் உப்பை அதே ஸ்பூன்ல போட்டா டபுள் உப்பு, கேக்கு குப்பைக்குத்தான் போகும். ஸ்பூனை விட்டுட்டு கிராம்ல போடுங்க, எந்த உப்பானாலும் அப்ப கணக்கு ஒண்ணுதான்.

இதே விஷயம் ஊறுகாய்ல இன்னும் மோசமாப் போகும். சீசன்ல கிளிமூக்கு மாங்கா வாங்கி ஊறுகா போடுறவங்க ஒரு கிலோ மாங்காத் துண்டுக்கு 150லேர்ந்து 200 கிராம் உப்பு போடணும், இதை டம்ளர்ல அளந்து பழகுனவங்க அதே டம்ளர்ல லேசான உப்பைப் போட்டா உப்பு பத்தாம பத்து நாள்ல பூஞ்சை கட்டிடும். ஊறுகாய்க்கும் மாவடுவுக்கும் சாதா கல் உப்புதான் ராஜா. கட்டி தட்டாம இருக்க மருந்து சேத்த தூள் உப்பு போட்டா மாவடு தண்ணி கலங்கலாயிடும், சாப்பிட ஒண்ணும் ஆகாது, பாக்கத்தான் நல்லாருக்காது.

சாம்பல் கலர்ல வர்ற செல் கிரி உப்பும் கெராந்த் பக்கத்து சரக்குதான், ஆனா இது அடியில களிமண் தரையிலேர்ந்து வாருறது, அதான் அந்தக் கலர். தொட்டுப் பாத்தாலே பிசுபிசுன்னு ஈரமா இருக்கும், இதைப் போய் மிளகு அரைக்கிற கிரைண்டர்ல போட்டு திருகுறாங்க, அடைச்சுக்கும், இரும்பு பல்லா இருந்தா துருவும் புடிக்கும். வீட்டுல சின்ன உரல் இருந்தா அதுல ரெண்டு இடி இடிச்சாப் போதும். உருளைக்கிழங்கு அவிக்க, கறி, காய் ரோஸ்ட் பண்ண இது நல்லா இருக்கும். முழு மீனை உப்புக்குள்ள புதைச்சு ஓவன்ல வேக வைக்கிற ஐட்டத்துக்கு மட்டும் இந்த வெலைக்கு வாங்காதீங்க, அதுக்கு கிலோக்கணக்குல உப்பு போகும், முட்டை வெள்ளைக்கரு கலந்த கல் உப்பே தாராளம். மேட்டூர் டேம் மீன் கிடைக்கிற நமக்கு ஒரு தடவையாவது பண்ணிப் பாக்க வேண்டிய ஐட்டம் இது, வயித்தை மட்டும் சுத்தம் பண்ணிட்டு செதிலை அப்படியே விட்றணும். செதிலை உரசிட்டு புதைச்சா உப்பு கறிக்குள்ள இறங்கி வாயில வைக்க முடியாது.

பிங்க் உப்பை கடல் உப்புன்னு நினைச்சு வாங்குறவங்க நிறைய பேர். அது இந்துப்பு வகைங்க, பாகிஸ்தான்ல கேவ்ரா சுரங்கத்துலேர்ந்து பாறையா வெட்டி எடுக்குறது, கலர் இரும்புச் சத்தால வர்றது. அதுலயும் 98 சதவீதம் போல சோடியம் குளோரைடுதான், மிச்சம் இருக்குற துணுக்கு மினரலுக்காக கூடுதலா அள்ளிப் போட்டா பிபி தான் ஏறும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்பு போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது பிங்க்குக்கும் சேத்துதான். மெக்னீசியம் இருக்காம்னு வேற சொல்றாங்க, ஊருக்குப் பக்கத்துலயே வெள்ளைக் கரடு பூரா மேக்னசைட்டை (மெக்னீசியம் இருக்குற தாதுக்கல்லு) தோண்டி எடுக்குற சேலத்துக்காரங்க கிட்டயே! அழகுக்கு மேல தூவுறீங்களா, தூவுங்க, அவ்ளோதான். கறுப்புலயும் குழப்பம் உண்டு. சாட் கடையில போடுறது காலா நமக், கந்தக வாசனை, அவிச்ச முட்டை நாத்தம் மாதிரி அடிக்கும், லெமன் சோடாவுக்கும் கொய்யாவுக்கும் சூப்பரா இருக்கும். ஹவாய் லாவா உப்புன்னு விக்கிறது கடல் உப்புல கரித்தூள் சேத்தது, அதுல அந்த வாசனையே வராது. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணை போட்டுட்டு சாட் நல்லால்லன்னு சொல்லக்கூடாது.

அயோடின் விஷயம் கொஞ்சம் சீரியஸ். கடல்லேர்ந்து வர்ற உப்புல அயோடின் தானாவே இருக்கும்னு நினைக்கிறோம், காய வைச்சு எடுத்த உப்புல அது இருக்குறது ரொம்ப ரொம்ப கம்மி, அதான் தனியா சேக்குறாங்க, கடையில விக்கிற அயோடின் உப்புல 15 பிபிஎம் (கிலோவுக்கு 15 மில்லிகிராம்) ஆவது இருக்கணும்னு சட்டமே இருக்கு. மலைப்பக்கம் மண்ணுல அயோடினை மழை அடிச்சுட்டுப் போயிடுங்கிறதால, அங்க விளையுறதையே சாப்பிடுறவங்க இன்னும் கவனமா இருக்கணும். வீட்டுல கர்ப்பிணி இருந்தா, சின்னப் பசங்க இருந்தா, தினசரி சமையலுக்கு அயோடின் உப்பை வச்சுக்கிட்டு மத்ததை மேல தூவ மட்டும் வைங்க. கடைசில போட்டு இறக்குனா அயோடின் வீணாப் போறதும் கம்மி.

ஏற்காட்டுல வீடு இருக்குறவங்களுக்கு பெரிய தலைவலியே உப்பை எங்க வைக்கிறதுங்கிறதுதான். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டுனா சுத்தமான உப்பே தண்ணி இழுக்கும், மெக்னீசியம் குளோரைடு ஒட்டியிருந்தா அதுக்கு முன்னாடியே கசிய ஆரம்பிச்சுரும், பனி ஜன்னல் வழியா உள்ள வர்ற மாசத்துல ஃப்ளேக் உப்பை திறந்து வச்சீங்கன்னா காலையில கஞ்சி. எங்க பெரியம்மா வீட்டுல கல் உப்பு பீங்கான் ஜாடியில, மரக் கரண்டியோட அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி இருக்கும், "எவர்சில்வர் டப்பாவுல போடாத கண்ணு, ஓட்டை விழுந்துரும்"னு சொல்வாங்க, சரியாத்தான் சொல்றாங்க, ஈர உப்பு எவர்சில்வர்லயும் புள்ளி புள்ளியா அரிக்கும். காஸ்ட்லி உப்பை சின்ன கண்ணாடி பாட்டில்ல இறுக்கி மூடி, தேவைப்படுறப்ப ஒரு சிட்டிகை மட்டும் வெளிய எடுங்க.

இன்னொண்ணு, சேலம் லீ பஜார்ல மூட்டையில இருக்குற கல் உப்பும் கடல் உப்புதாங்க. "அண்ணா, சீ சால்ட் இருக்குங்களா"ன்னு கேட்டா கடைக்காரர் சிரிப்பாரு, தூத்துக்குடி பக்கத்துலேர்ந்து வேற என்ன வரும். இந்தியாவுல குஜராத்துக்கு அடுத்து தமிழ்நாடுதான் உப்புல. கடலே இல்லாத நம்ம சேலத்துல வக்கீலா இருந்து முனிசிபாலிட்டி சேர்மனும் ஆன ராஜாஜி, 1930 ஏப்ரல்ல திருச்சியிலேர்ந்து வேதாரண்யம் வரைக்கும் நடந்தே போயி அள்ளுனதும் இதே உப்புதான்.

டப்பா காசு மிச்சம் பண்ணணும்னா ஃப்ளேக்கை வீட்டுலயே பண்ணலாம். 100 மில்லி சுடுதண்ணிக்கு 35 கிராம் கல் உப்பு கரைச்சு, துணியில வடிகட்டி, அகலமான கண்ணாடி தட்டுல ஊத்தி ஏப்ரல் வெயில்ல மேல மெல்லிய துணி போட்டு விடுங்க. மேல மிதக்குற ஏடை ஓட்டைக் கரண்டியால எடுத்து காய வைக்கணும். அலுமினியம் வேணாம், நடுவுல கிளறவும் வேணாம், கிளறுனா எல்லாம் அடியில போய் பழையபடி கல்லாத்தான் உக்காரும்.