பழைய காரின் ஹெட்லைற் மங்கினால் முதலில் எர்த்தைப் பாருங்கள்

கொழும்புக் கடற்கரையோரம் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இரவெல்லாம் வெளியில் நிற்கும் பழைய சன்னி, கொரோலாக்களில் ஹெட்லைற் மங்கினால் பல்ப்பில் பிழை இருப்பது குறைவு. உப்புக்காற்றில் எர்த் போல்ற் (பல்ப்பின் மைனஸ் வயரைக் காரின் தகட்டோடு பிடிக்கும் போல்ற்) துருப்பிடிக்கும், வயர் மூட்டுகளுக்குள் பச்சைக் களிம்பு ஏறும். வோல்ற் அங்கேதான் தொலைகிறது. பல்ப்புக்குப் போகும் வோல்ற் 10 வீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 வீதம் போய்விடும்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய் 100 வாற் பல்ப் வாங்கிப் போடாதீர்கள். ஹைக்கு 60, டிம்முக்கு 55 வாற் எடுக்கும் எச்4 பல்ப் இரண்டும் டிம்மில் எரியும்போதே 9 அம்பியருக்கு மேல் ஓடுகிறது. அதைவிடக் கூட்டினால் சொக்கெற் உருகும், சுவிச் கருகும்.

எஞ்சினை 1500 ஆர்.பி.எம்.மில் வைத்து, லைற்றைப் போட்டு, பற்றரி முனைகளில் மல்ரிமீற்றரால் அளவுங்கள். 13.8 முதல் 14.4 வோல்ற் வரை இருந்தால் நல்லது. 13.2க்குக் கீழே நின்றால் வயரைத் தொட முன்பு பெல்ற்றையும் பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஒல்ரனேற்றரையும் கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாக எரிந்தாலோ, சிக்னல் போடும்போது ஹெட்லைற்றும் சேர்ந்து துடித்தாலோ, அந்தப் பக்க எர்த்தில்தான் பிழை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பலர் பிழைவிடுவது அடுத்த அளவையில். சொக்கெற்றைக் கழற்றி மீற்றர் வைத்தால் எவ்வளவு கெட்ட வயரும் 12 வோல்ற் காட்டும், ஏனென்றால் கரண்ட் ஓடவில்லை. பல்ப் எரிந்துகொண்டிருக்க, சொக்கெற்றின் பின்பக்கத்தால் ஊசி முனையை விட்டு அளக்க வேண்டும். மீற்றரை 20 வோல்ற் டி.சி.யில் வையுங்கள். பற்றரி மைனஸுக்கும் பல்ப்பின் எர்த் பின்னுக்கும் (முனைக்கும்) இடையில் 0.2 வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும். பற்றரி பிளஸுக்கும் அப்போது எரியும் டிம் அல்லது ஹைப் பின்னுக்கும் இடையில் 0.5க்குள். கூடினால், ஒரு முனையைப் பற்றரியிலேயே விட்டு மற்றதைப் பியூஸ், சுவிச், மூட்டு என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எண் திடீரெனக் குதிக்கும் இடமே பிழை.

பழைய டொயோட்டா பலவற்றில் சுவிச் பிளஸ் பக்கத்தில் இல்லை, எர்த் பக்கத்தில் இருக்கிறது. இதைத் தெரியாமல் மணிக்கணக்காக அலைந்தவர்கள் உண்டு. இரண்டு சொக்கெற்றையும் கழற்றி லைற்றைப் போடுங்கள். டிம்மிலிருந்து ஹைக்கு மாற்றியும் அதே குழியில் 12 வோல்ற் நின்றால் உங்களுடையது அந்த வகை. அதில் மைனஸ் பக்க இழப்பு கூடினால், கார் பொடியில் (தகட்டில்) உள்ள போல்ற்றை மட்டுமல்ல, டிம்மர் சுவிச்சின் கொன்ராக்ற்றையும் சந்தேகியுங்கள்.

எர்த் போல்ற்றைக் கழற்றி, பெயின்ற் போய் வெள்ளைத் தகடு தெரியும்வரை சுரண்டி, புதிய வளைய முனையும் பல்லு வாசரும் போட்டு இறுக்கிய பின்னரே வஸலின் பூசுங்கள். வயரின் செம்பு கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிவிடுங்கள். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது.

வயர் முழுவதும் களைத்திருந்தால் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிச்) போடுவதே சரி. டிம்முக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. பற்றரி பிளஸிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயரில் 15 அம்பியர் பியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் பின்னுக்கு, 87இலிருந்து பல்ப்புகளுக்கு. பியூஸ் பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும்: அதற்கு முன்னால் வயர் உரசினால் தீயைத் தடுக்க ஒன்றுமில்லை. பழைய லைற் வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. எர்த் சுவிச் வகையானால் 85ஐப் பொடியில் கட்டாமல் பழைய டிம் அல்லது ஹை வயரில் கொடுத்து, பல்ப்பின் பொதுப் பின்னுக்குப் புதிய எர்த் இழுங்கள். ரிலேயின் பின்கள் கீழ்நோக்கி நிற்க வேண்டும், மழைத்தண்ணி தேங்காது.

முடிந்ததும் அதே இரண்டு இடங்களிலும் மறுபடி அளவுங்கள். லைற்றைப் பத்து நிமிடம் எரியவிட்டு அணைத்து, சொக்கெற்றின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால், உள்ளே கிளிப் தளர்ந்திருக்கிறது, சொக்கெற்றையும் மாற்றுங்கள்.