சின்ன ஓப்பன் சோர்ஸ் மொழிக்கு கவுன்சில் தெரிவு செய்யிறது எப்பிடி

எங்கட புரோகிராமிங் மொழி சின்னது, தமிழ்ல கீவேர்ட் வச்சு ஸ்கூல் பிள்ளைகளுக்கெண்டு தொடங்கினது. மட்டக்களப்பு வந்தாறுமூலை கெம்பஸ் (கிழக்குப் பல்கலைக்கழகம்) பொடியனுகள்தான் கூட, மற்றப்படி கல்லடி, கல்முனைப் பக்கத்து ஆக்கள் கொஞ்சம், வெளிநாட்டுல ரெண்டு மூணு பேர். இவ்வளவு காலமும் தொடங்கின அண்ணன் சொன்னதுதான் முடிவு, அவர் இனி தனக்கு ஏலாது, நீங்க பார்த்துக்கொள்ளுங்க எண்டிட்டார். அதுக்குப் பொறகு முடிவெடுக்கிறதுக்கு 5 பேர் கவுன்சில் ஒண்டு தெரிவு செஞ்சம். இதே வேலை தலைல விழுந்த ஆக்களுக்காக எழுதுறன். கிட், கிட்ஹப் (கோட் மாற்றங்களச் சேர்த்து வைக்கிற டூல்கள்) எல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே, அதுக்குள்ள போகல்ல.

படி 1: எந்த மாடல் எண்டு முடிவெடுங்க

பார்த்துப் படிக்க ரெண்டு நல்ல உதாரணம் இருக்கு. பைதன் மொழிய உருவாக்கின குய்டோ வான் ராஸம் 2018 ஜூலைல, பெப் 572 (பெப் எண்டா பைதன்ல மாற்றம் கேட்டு எழுதுற முன்மொழிவு) சண்டையோட, முடிவெடுக்கிற பொறுப்ப விட்டுட்டார். டிசம்பர்ல கோர் டெவலப்பர்மார் (மொழிய நேரடியா மாத்த உரிமை உள்ள ஆக்கள்) வோட் போட்டு, கவுன்சில் வைக்கச் சொன்ன பெப் 8016ஐ எடுத்தாங்க, 2019 தொடக்கத்துல முதலாவது 5 பேர் கவுன்சில் வந்திச்சு, அதுல குய்டோவும் ஒராள். அங்க எல்லாக் கோர் ஆக்களும் சேர்ந்து பொது வோட் போடுறது. ரஸ்ட் எண்ட மற்ற மொழி 2023ல கொண்டுவந்தது வேற மாதிரி, மேல்மட்டத்துல இருக்கிற ஒவ்வொரு டீமும் தங்கட பிரதிநிதி ஒராள அனுப்பும். எங்கட பக்கத்துக் கோயில்கள்ல குடிக்கு (வம்சத்துக்கு) ஒரு வண்ணக்கர், அதான் கோயில் நிர்வாகி, வாறாரே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு.

உங்களுக்கிட்ட டொக்யுமெண்டேஷன், கொம்பைலர் எண்டு உண்மையா வேலை செய்யிற டீம் தனித்தனியா இருந்தா ரஸ்ட் மாடல் நல்லம். எங்கள மாதிரி எல்லாரும் எல்லாத்தையும் நோண்டுற இடத்துக்கு பைதன் மாடல்தான் சரி.

படி 2: வாக்காளர் லிஸ்ட்

எல்லாரும் எந்த வோட் டூல் எண்டுதான் அடிபடுறாங்க, உண்மையான வேலை இதுலதான் இருக்கு. கிட் ஷார்ட்லாக்ல (யார் யார் கோட் போட்டாங்க எண்டு காட்டுற கொமாண்ட்) ஈமெயிலோட லிஸ்ட எடுத்தீங்கெண்டா ஒரே ஆள் மூண்டு பேரா நிப்பார், வீட்டு லெப்டொப்ல ஒரு மெயில், கெம்பஸ் லேப்ல இன்னொண்டு, கிட்ஹப் வெப்சைட்லயே எடிட் பண்ணினா அது தாற நோரிப்ளை அட்ரஸ் வேற. எந்தெந்த மெயில் ஒரே ஆள்ட எண்டு சொல்ற மெயில்மேப் ஃபைல் ஒண்டு எழுதி எல்லாத்தையும் ஒண்டாக்குங்க. நோரிப்ளை அட்ரஸுக்கு வோட் லிங்க் அனுப்பினா ஒருத்தருக்கும் போகாது, அதனால ஒவ்வொருத்தர்ட்டயும் உண்மையா பார்க்கிற மெயில் எது எண்டு கேட்டு வாங்குங்க.

எப்பவோ ஒரு கமிட் (கோட் மாற்றம்) போட்டுட்டுக் காணாமப் போன ஆக்கள என்ன செய்யிறது? பைதன்ல ரெண்டு வருஷமா அசைவில்லாத ஆக்கள 'இன்ஆக்டிவ்'க்கு மாறச் சொல்லிக் கேட்கலாம், மாறினா வோட் இல்ல. நாங்களும் அதையே எடுத்தம். ஆனா லிஸ்ட நொமினேஷனுக்கு முன்னுக்கே போட்டுப் பூட்டிருங்க, யார் எலெக்ஷன் கேட்கிறாங்க எண்டு தெரிஞ்ச பொறகு லிஸ்ட்ல கைவச்சா சண்டைதான்.

படி 3: ஒரே இடத்து ஆக்களுக்கு ஒரு எல்லை

ஒரு கணக்குப் பாருங்க. 20 பேர் வோட் போடுறாங்க, 12 பேர் ஒரே கெம்பஸ். விரும்பின எல்லாருக்கும் டிக் போடலாம் எண்டு வச்சா, அந்த 12 பேரும் தங்கட 5 பேருக்கே டிக் போட்டா 5 சீட்டும் அவங்களுக்குத்தான், மிச்சம் 8 பேருக்கு ஒண்டும் இல்ல. ஒருத்தரும் சதி செய்யத் தேவையில்ல, தெரிஞ்ச ஆளுக்குப் போடுவம் எண்டு நினைச்சாலே காணும்.

பைதன்ல ஒரே கம்பனில வேலை செய்யிற ஆக்கள் ரெண்டு பேருக்கு மேல கவுன்சில்ல இருக்க ஏலாது. ரஸ்ட்ல கவுன்சில் 5 பேர் அல்லது குறைவெண்டா ஒராள்தான், 6 அல்லது கூட எண்டா ரெண்டு பேர். ரஸ்ட் கணக்கு எங்களுக்கு இறுக்கம் கூடிப்போச்சு, 5 வேற வேற இடத்து ஆக்கள எங்க போய்த் தேடுற? அதனால ரெண்டு எண்டு வச்சம், 'கம்பனி' எண்ட இடத்துல 'கெம்பஸ் அல்லது வேலைத்தளம்' எண்டு எழுதினம்.

படி 4: நொமினேஷன்

இது லேசு. பைதன்ல மாதிரி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒண்டு ரெண்டு கிழமை காணும், தன்னைத்தானே முன்மொழியவும் விடுங்க. தான் எதுக்கு வாறார், எந்த இடத்து ஆள் எண்டு ஒரு பந்தி எழுதச் சொல்லுங்க. திகதி வைக்கேக்க நவம்பர், டிசம்பர் வேணாம். மழை, வெள்ளம், கரண்ட் இல்ல, யார் வோட் போடுற?

படி 5: வோட்

வட்ஸ்அப் போல் வேணவே வேணாம், யார் யாருக்குப் போட்டாங்க எண்டு குரூப்ல எல்லாருக்கும் தெரியும். லெக்சரர் ஒராளும் எலெக்ஷன் கேட்கிறார் எண்டா எந்தப் பொடியன் அவருக்கு எதிராப் போடுவான்? கூகுள் ஃபோர்மும் எனக்குப் பிடிக்காது, ஃபோர்ம் வச்சிருக்கிற ஆள நம்பித்தான் இருக்கணும். நான் சொல்றது சிவ்ஸ் (CIVS), கோர்னெல் பல்கலைக்கழகத்துல உருவான இலவச ஒன்லைன் வோட் சர்விஸ், ஆக்கள ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு வரிசைப்படுத்துற மாதிரி. பைதன் ஆக்களும் 2018ல மாடல் தெரிவு செய்ய இதைத்தான் பாவிச்சாங்க.

இதுல ஒரு இடம் கட்டாயம் மாட்டும். வாக்காளர் தன்ட மெயில முதல்ல சிவ்ஸ்ல தானே ஆக்டிவேட் பண்ணணும், இல்லாட்டி வோட் லிங்க் வராது. ஸ்பேம்லயும் இருக்காது, நீங்க மறுகா மறுகா அனுப்பினாலும் வராது. அதனால வோட் திறக்க ஒரு கிழமைக்கு முன்னுக்கே எல்லாரையும் ஆக்டிவேட் பண்ணச் சொல்லுங்க, 'செஞ்சிட்டன்' எண்டு ஒவ்வொருத்தரும் பதில் போட்ட பொறகுதான் திறக்கணும். பதில் போடாத ஆக்களுக்கு கோல் எடுங்க, மெயில்ல நச்சரிக்கிறத விட அது சுகம்.

இன்னொண்டு, ஒவ்வொரு வாக்குச்சீட்டையும் விவரமாக் காட்டுற ஒப்ஷன போடாதீங்க. பேர் இல்லாட்டியும் சின்னக் குரூப்ல வரிசையப் பார்த்தே இது இன்னார்ட எண்டு கண்டுபிடிச்சிருவாங்க. போல் உருவாக்கேக்க உங்களுக்கு வாற, போல நடத்துற கன்ட்ரோல் லிங்க வேட்பாளர் இல்லாத இன்னொராளுக்கும் குடுத்து வைங்க.

பிற்சேர்க்கை: அக்கரைப்பற்றுல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா, படி 3ல சொன்ன எல்லைய எப்பிடிப் போடுற எண்டு. சிவ்ஸ் அதைச் செய்யாது, ரிசல்ட் வந்த பொறகு கையாலதான். மேலருந்து கீழ வாங்க, ஒரு இடத்துல ரெண்டு பேர் வந்திட்டா அந்த இடத்து மூண்டாவது ஆள விட்டுட்டு அடுத்த ஆள எடுங்க. கடைசி சீட்டுக்கு ரெண்டு பேர் சமனா வந்தா பைதன் விதிப்படி அவங்களுக்குள்ளேயே பேசி விட்டுக்குடுக்கலாம், இல்லாட்டி குலுக்கல். இது ரெண்டையும் வோட்டுக்கு முன்னுக்கே எழுதிப் போடுங்க தங்கச்சி, ரிசல்ட் வந்த பொறகு எழுதினா ஒருத்தரும் ஏத்துக்கொள்ள மாட்டாங்க.