289 எஞ்சினுக்கு நாலு பேரல் கார்புரேட்டர்

என்னிடம் இருப்பது 1967 ஃபோர்டு மஸ்டாங் கார். 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், இரண்டு பேரல் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்; பேரல் என்பது அதில் காற்று போகும் வாய்), 200 குதிரைத்திறன். அதே எஞ்சின் நாலு பேரலும் கொஞ்சம் கூடுதல் கம்ப்ரெஷனுமாக (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவு) 225 குதிரைத்திறனில் வந்தது. எஞ்சினைப் பிரிக்காமல் மூச்சை மட்டும் திறந்துவிடலாம் என்று அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டும் (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய் அமைப்பு) 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) நாலு பேரல் கார்புரேட்டரும் போட்டேன். இந்தச் சின்ன வி8-க்கு அதைவிடப் பெரிசு வேண்டவே வேண்டாம்.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மேனிஃபோல்டு வழியாக இறங்குவதால் அதைக் கழற்றியே ஆகவேண்டும். அதற்குள் சுழலும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலில் குறி போட்டுக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டின் முன்னும் பின்னும் வரும் கார்க் கேஸ்கெட்டை (கசிவை அடைக்கும் பட்டை) ஒதுக்கிவிட்டு சிலிக்கோன் பசையைத் தடிமனாக ஒரே கோடாக இழுத்தேன். கார்க் அங்கே வழுக்கி வெளியே பிதுங்கும், ஆயில் கசியும்.

எல்லாம் மாட்டிய பிறகு, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் வண்டி ஒரு நொடி திக்கியது. எஞ்சின் சூடேறுவதற்குள் மேனிஃபோல்டு ஓரத்தில் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை (கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் திரவம்) லேசாக அடித்துப் பார்த்தேன். கசிவிருந்தால் அது உள்ளே போய் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) மாறும்; அது அசையவில்லை, அப்படியென்றால் காற்றுக் கசிவு இல்லை. சரி என்று, ஆக்சிலரேட்டர் பம்ப் கம்பியைப் பெட்ரோல் கூடுதலாகப் பீய்ச்சும் துளைக்கு மாற்றினேன். அப்புறம் ஆரம்ப டைமிங்கை (ஐட்லிங்கில், பிஸ்டன் உச்சிக்கு வருமுன் ஸ்பார்க் அடிக்கும் கோணம்) 6 டிகிரியிலிருந்து 12-க்கு ஏற்றினேன். திக்கல் போயே போச்சு, இரண்டாம் கியரில் இழுப்பே வேறு! மொத்த டைமிங் (எஞ்சின் வேகம் ஏறியதும் வரும் அளவு) 36 டிகிரியைத் தாண்டாமல் டைமிங் லைட் வைத்துப் பாருங்கள். தாண்டினால் எஞ்சின் நாக் அடித்து (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து)ப் பிஸ்டனைக் கெடுத்துவிடும்.